ஜிப்ஸிக்கு அகல ரிம் மாத்தினதிலிருந்து அறுபதுல ஸ்டேரிங் உதறுது. எங்க பார்க்கணும்?

நாகமலை_ஜிப்ஸி:

வணக்கம். வண்டி 2004 மாருதி ஜிப்ஸி கிங், பவர் ஸ்டேரிங் கிடையாது, நான் மூணாவது ஓனர். மூணு வாரத்துக்கு முன்னாடி கம்பெனி ரிம்மையும் 205/70 ஆர்15 டயரையும் கழட்டிட்டு, 15க்கு 8 இன்ச் அலாய் ரிம், ஆஃப்செட் மைனஸ் 19, அதுல 235/75 ஆர்15 மட் டயர் மாட்டினேன். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஓட்டத்தான் பயமா இருக்கு.

ஊருக்குள்ள ஓட்டுறப்ப கொஞ்சம் கனம், அவ்வளவுதான். ரிங் ரோட்டுல ஏறி அம்பத்தஞ்சைத் தாண்டினா கையில ஒரு நடுக்கம் வரும். போன ஞாயித்துக்கிழமை விரகனூர் பாலத்துல இணைப்பு மேல ஏறி இறங்கினதும் முன்பக்கம் மொத்தமும் சாமி வந்த மாதிரி ஆட ஆரம்பிச்சிருச்சு. ஸ்டேரிங் கையில நிக்கல. பதட்டத்துல பிரேக்கை மிதிச்சேன், இன்னும் மோசமாச்சு. முப்பதுக்குக் கீழ வந்தப்புறம்தான் அடங்குச்சு. பக்கத்துல இருந்த அப்பா இறங்கி பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்குப் போயிட்டாரு.

இது போக, வண்டி இடது பக்கம் இழுக்குது. நேரா போறப்ப ஸ்டேரிங் கோணலா நிக்குது. இடது பக்கம் முழுசா ஒடிச்சா டயர் பட்டையில (லீஃப் ஸ்பிரிங்) உரசுது.

மாட்டின கடையில கேட்டா, "மட் டயர்னா அப்படித்தான் சார்"ங்கிறாங்க. அலைன்மெண்ட் பார்த்து, கேம்பர் (சக்கரம் உள்ளயோ வெளியயோ சாய்ஞ்சு நிக்கிற அளவு) சரி பண்ணினதா பில்லும் போட்டிருக்காங்க. அடுத்த மாசம் சிறுமலை போறதா இருக்கோம். பதினெட்டு ஹேர்பின். இந்த ஸ்டேரிங்கை நம்பி ஏற மனசில்ல.

வைகைக்கரை_4×4:

ஸ்டேரிங் டேம்பர் போடுங்க ப்ரோ, உதறலை அமுக்குற ஷாக் அப்சார்பர் மாதிரி ஒண்ணு. எனக்கு அதோட நின்னுருச்சு.

திருமங்கலம்_ஒர்க்‌ஷாப்:

டேம்பரைக் கடைசியில பார்த்துக்கலாம். ஓடு ஒழுகுற இடத்துல வாளி வைக்கிற வேலை அது. வாளி நிறைஞ்சதும் மறுபடி கூடம் நனையும்.

முதல்ல அந்த பில்லைப் பத்தி. ஜிப்ஸிக்கு முன்னால ஒரே கட்டை ஆக்சில். கேம்பரைத் திருப்ப அதுல போல்ட்டே கிடையாது. ரெண்டு முன்சக்கரத்தையும் இணைக்கிற டை ராடுல டோ, அதாவது சக்கரங்க முன்பக்கம் உள்ள பார்க்குதா வெளிய பார்க்குதாங்கிறதை, மட்டும்தான் திருப்ப முடியும். அப்ப அவங்க எதைத் திருப்பினாங்கன்னு தெரிஞ்சாகணும். ஸ்டேரிங் கோணலா நிக்கிறதைப் பார்த்தா, அதை நேராக்க டை ராடைத் திருகியிருப்பாங்கன்னு எனக்குச் சந்தேகம். நிறைய இடத்துல நடக்குறதுதான். ஸ்டேரிங்கை நடுவுக்குக் கொண்டுவர, ஸ்டேரிங் பாக்ஸ்ல இருந்து சக்கரத்துக்குப் போற டிராக் லிங்க்கைத் திருகணும். டை ராடைத் தொட்டா டோ கெட்டுப்போகும்.

ரெண்டாவது, நீங்க மாத்தினது எவ்வளவு பெரிய மாத்தம்னு பாருங்க. பழைய டயர் உயரம் 668 மி.மீ., புதுசு 733. உங்க மீட்டர் அறுபது காட்டுறப்ப நிஜத்துல 66ல போறீங்க. மைனஸ் ஆஃப்செட்னால சக்கரம் வெளிய தள்ளிப் போயிருச்சு. டயர் தரையைத் தொடுற இடத்துக்கும் கிங் பின்னோட (சக்கரம் ஒடியுறப்ப திரும்புற அச்சு) கோடு சாய்ஞ்சு வந்து தரையைத் தொடுற இடத்துக்கும் உள்ள தூரம் கூடியிருக்கு. முன்னெல்லாம் ஒரு குழி குச்சியால தட்டின மாதிரி வந்து போயிருக்கும். இப்ப அதே குழி கடப்பாரை போட்டு நெம்புது. ஜாயிண்ட்லயோ பேரிங்லயோ ஏற்கனவே கொஞ்சம் தேய்மானம் இருந்தா, அது இப்பத்தான் கைக்குத் தெரியும்.

செலவில்லாத சோதனை ஒண்ணு சொல்றேன். முன்னால ரெண்டு பக்கமும் பழைய ரிம்மை மாட்டி அதே பாலத்துல போய்ப் பாருங்க. ஆட்டம் சுத்தமா இல்லைன்னா கோளாறு ரிம், டயர், பேலன்ஸிங் இதுக்குள்ள. குறைஞ்சும் இருக்குதுன்னா வண்டிக்குள்ள தேடணும். முன்னாடியும் பின்னாடியும் வேற வேற உயரம்ங்கிறதால அன்னைக்கு ஒரு நாள் ஃபோர் வீல் லிவரைத் தொடாதீங்க.

மறுபடி உதற ஆரம்பிச்சா பிரேக்கை மிதிக்காதீங்க. ஸ்டேரிங்கோட மல்லுக்கட்டாம, பிடியை விடாம, ஆக்சிலேட்டரை மட்டும் எடுங்க.

உசிலை_கண்மாய்:

அண்ணே, புது டயர் மாட்டினதும் எங்கயாச்சும் கண்மாய்க்குள்ள இறக்கினீங்களா? ரிம்மோட உள்பக்கம் கையை விட்டுப் பாருங்க.

நாகமலை_ஜிப்ஸி:

உசிலைத் தம்பிக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு தெரியல. மாட்டின மறுநாளே கண்மாய்க்குள்ள விட்டேன். இன்னைக்கு முன்சக்கரம் ரெண்டையும் கழட்டிப் படுக்கப் போட்டா, உள்பக்க விளிம்புல கரம்பை மண் காஞ்சு செங்கல் மாதிரி ஒட்டிக் கிடக்கு. அதுவும் ஒரே பக்கமா. ஸ்க்ரூடிரைவர் வச்சுக் குத்தி எடுத்ததுல அரைச் சட்டி தேறுச்சு. பேலன்ஸிங்குக்கு ஒட்டின ஈயத்துல ரெண்டைக் காணோம்.

காத்தும் பார்த்தேன். வலது 28, இடது 21. கண்மாய்ல இறக்குறப்ப குறைச்சதை ஒரு பக்கம் மட்டும் சரியா ஏத்தல போல. ரெண்டும் 26 வச்சதும் இழுக்குறது நின்னுருச்சு. அசிங்கமாத்தான் இருக்கு, ஆனா எழுதிட்டேன்.

கழுவி மறுபடி பேலன்ஸிங் போட்டேன். அம்பத்தஞ்சு நடுக்கம் முக்கால்வாசி போச்சு. பாலத்து ஆட்டம் போகல. திருமங்கலம் அண்ணன் சொன்னபடி பழைய ரிம் மாட்டிப் பார்த்ததுல, ஆட்டம் வருது, ரெண்டு உதறு உதறிட்டுத் தானா நின்னுருது. அப்ப வண்டிக்குள்ளதானா?

போடிமெட்டு_ஜீப்:

தம்பி, வண்டிக்குள்ளதான். நான் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்துற ஜீப் ஓட்டுறவன். வண்டி வேற, முன்னால கட்டை ஆக்சில்ங்கிறது ஒண்ணுதான். இந்த உதறல் எங்களுக்குப் பழகின சங்கதி.

முதல்ல சக்கரம் தரையில இருக்கட்டும். ஒரு ஆளை உக்கார வச்சு ஸ்டேரிங்கை அங்கிட்டும் இங்கிட்டும் ஒரு சாண் ஆட்டச் சொல்லுங்க. நீங்க கீழ படுத்து ஒவ்வொரு ஜாயிண்டா விரலை வச்சுப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். டை ராடு முனை ரெண்டு, டிராக் லிங்க் முனை ரெண்டு, அப்புறம் ஸ்டேரிங் பாக்ஸைச் சட்டத்தோட பிடிச்சிருக்கிற போல்ட். அதை நிறைய பேர் மறந்துருவாங்க. பட்டை புஷ்ஷும் ஷேக்கிலும் (பட்டை முனையைச் சட்டத்தோட கோக்குற இணைப்பு) அதே நேரத்துல பார்த்துருங்க.

அப்புறம் ஜாக்கி வச்சுத் தூக்கி, ஆக்சிலுக்குக் கீழ கட்டை முட்டுக் கொடுத்துட்டு, சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. லொடக்குன்னா, வீட்டு ஆளைப் பிரேக்கை அமுக்கிப் பிடிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. ஆட்டம் போயிட்டா வீல் பேரிங். பிரேக் பிடிச்சும் ஆடுச்சுன்னா கிங் பின். உங்களுக்குக் கிங் பின்னுன்னுதான் என் மனசு சொல்லுது. இருபது வருசத்து வண்டி, தண்ணிக்குள்ள இறங்குது, நக்கிள் (ஆக்சில் முனையில சக்கரத்தோட சேர்ந்து திரும்புற பாகம்) சீல் போயிருக்கும்.

பாக்ஸ் மேல ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதை இறுக்கினா பிளே போயிரும்னு எவனாச்சும் சொல்லுவான். இப்ப தொடாதீங்க. நடுவுல இறுகிப் போனா ஸ்டேரிங் திரும்பி வராது, பாக்ஸும் கெடும்.

வைகைக்கரை_4×4:

நான் அதைத்தான் சொல்ல வந்தேன் 😄

மேலூர்_ஃபோர்வீல்:

நட்டைப் பத்தி யாரும் பேசலையே. ரிம்மோட நடு ஓட்டை ஹப்பை விடப் பெருசா இருந்தா, சக்கரம் நடுவுல உக்காருறது நட்டோட கூம்பை நம்பித்தான். ரிம்மோட குழியும் நட்டோட கூம்பும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும். கம்பெனி நட்டு எல்லா அலாய்க்கும் சேராது. மாட்டுறப்ப வண்டியைத் தூக்கி வச்சே நட்டை எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி, இறக்கினப்புறம் கடைசி இறுக்கு. கடையில கன் வச்சு ஒரு நட்டை முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போவாங்க, ரிம் ஒரு பக்கமா உக்காந்துரும். நூறு கி.மீ. ஓடினதும் மறுபடி ஸ்பானர் போடணும்.

பழைய ரிம்மை வித்துராதீங்க. கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொன்னதுக்கப்புறம் கெடுபிடி கூடிருச்சு. மட்கார்டுக்கு வெளிய நீட்டிட்டு இருக்கிற டயர்தான் முதல்ல கண்ணுல படும்.

நாகமலை_ஜிப்ஸி:

ஜீப் அண்ணனுக்கு முதல் கும்பிடு. நேத்து காலையில வேப்ப மரத்தடியில வண்டியைத் தூக்கினேன். இடது சக்கரம் கல்லு மாதிரி இருக்கு. வலது மேல கீழ ஆட்டினா லொடக். தங்கச்சி பிரேக்கை அமுக்கினா, அப்பவும் லொடக். கிங் பின்னேதான்.

திருமங்கலம் அண்ணனோட ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டு போனேன். வலது நக்கிளைக் கழட்டினதும் கிரீஸுக்குப் பதிலா செம்மண் கலர்ல ஒரு குழம்பு வழிஞ்சது. கீழ் பேரிங்கோட உருளையில ரெண்டு துருப்பிடிச்சு நகரவே இல்ல. மேல இருக்கிற கப்புல உருளை நின்ன இடமெல்லாம் வரிசையா பள்ளம், நகத்தை ஓட்டினா டிக் டிக்னு தட்டுது. ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து நாலு பேரிங், சீல் எல்லாம் மாத்தியாச்சு. சீல் மாட்டுறதுக்கு முன்னாடி நக்கிள் கையில ஸ்பிரிங் தராசைக் கோத்து இழுத்துப் பார்த்தாரு. ஒரு கிலோவுக்கு மேல, ரெண்டுக்குள்ள இழுத்தா நகரணுமாம். முதல்ல அரைக் கிலோவுக்கே ஓடுச்சு. ஷிம் (இடையில வைக்கிற மெல்லிசுத் தகடு) ஒண்ணை எடுத்ததும் சரியா வந்துச்சு. டை ராடுல ஒரு முனையும் போயிருந்தது.

டோவை மிஷின் இல்லாமலே பார்த்தோம். சக்கரத்தைத் தூக்கிச் சுத்திவிட்டு, டயர் நடுவுல சாக்பீஸால ஒரு பட்டை அடிச்சு, அது மேல ஆணியால மெல்லிசா ஒரு கோடு. வண்டியை இறக்கி ரெண்டு தள்ளு தள்ளிட்டு, ஹப் உயரத்துல முன்னால ஒரு அளவு, பின்னால ஒரு அளவு, இன்ச் டேப்புல. முன்னால 9 மி.மீ. அதிகம். ரெண்டு சக்கரமும் ஆளுக்கொரு ஊருக்குப் போயிட்டு இருந்திருக்கு! இப்ப முன்னால 3 மி.மீ. கம்மி. அப்புறம் டிராக் லிங்க்கைத் திருகி ஸ்டேரிங்கை நேராக்கியாச்சு.

நட்டும் பொருந்தல. கம்பெனி நட்டையே போட்டு விட்டிருக்காங்க. வேற வாங்கினேன்.

நேத்து சாயங்காலம் மேலூர் வரைக்கும் போயிட்டு வந்தேன். விரகனூர் பாலத்து மேல வேணும்னே ரெண்டு தடவை ஏறினேன். ஒரு தட்டு தட்டுச்சு, அதோட சரி. எழுபத்தஞ்சுலயும் கை சும்மா இருக்கு. கனம் மட்டும் அப்படியே இருக்கு, பட்டையில உரசுறதும்.

திருமங்கலம்_ஒர்க்‌ஷாப்:

கனம் போகாது, அகல டயருக்கு அது வாடகை. உரசுறதுக்கு நக்கிள்ல இருக்கிற ஸ்டாப் போல்ட்டை ரெண்டு சுத்து வெளிய விட்டா நின்னுரும். பதிலுக்குத் திரும்புற வட்டம் பெருசாகும். வர்றப்ப செஞ்சு தர்றேன். முன்னால நீள ஷேக்கில் போட்டுத் தூக்கணும்னு மட்டும் இப்ப ஆசைப்படாதீங்க. காஸ்டர் (கிங் பின் பின்பக்கமா சாய்ஞ்சிருக்கிற அளவு) குறைஞ்சு வண்டி நேர் ரோட்டுல அலைய ஆரம்பிச்சிரும், மறுபடி ஒரு இழை போடுவீங்க.

வைகைக்கரை_4×4:

என் வண்டியையும் இன்னைக்குத் தூக்கிப் பார்த்தேன். பிரேக் பிடிச்சும் லொடக்குது. டேம்பர் போட்டு எட்டு மாசம் ஓட்டியிருக்கேன். திருமங்கலம் அண்ணே, வர்ற சனிக்கிழமை கடை இருக்கா?

போடிமெட்டு_ஜீப்:

தம்பி, நூறு கி.மீ. ஆச்சா? நட்டைப் பார்த்தீங்களா?

நாகமலை_ஜிப்ஸி:

பார்த்தேண்ணே. முன்னால வலது பக்கம் ரெண்டு நட்டு கால் சுத்து போச்சு. மத்ததெல்லாம் கெட்டியா இருக்கு. ஸ்டாப் போல்ட்டும் விட்டாச்சு. இப்ப எங்க தெரு முக்குல ஒரே ஒடிப்புல திரும்ப முடியல, ஒருக்கா பின்னால எடுக்க வேண்டியிருக்கு.

அப்பா இன்னும் பஸ்லதான் போறாரு.