காசநோயும் இதயமும்: உங்கள் வீட்டில் நடந்ததைப் பகிருங்கள்

செங்காந்தள்:

அம்மாவுக்கு 2011இல் இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு பொருத்தினார்கள். அப்படிப்பட்டவருடன் ஒரே அறையில் படுத்தவர்களுக்குத் தெரியும், விளக்கை அணைத்ததும் கைக்கடிகாரம்போல அந்த வால்வின் ஒலி கேட்டுக்கொண்டே இருக்கும். தை மாதம் கழுத்தில் நெறிகட்டி, அது காசநோய் என்று உறுதியாகி, நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரையைத் தொடங்கினார்கள். ரத்தம் உறையாமலிருக்க அவர் எடுத்துவந்த அசினோகூமராலை நான்தான் ஒவ்வொரு மாலையும் கையில் கொடுத்தேன். ஒரு நாளும் தவறவில்லை.

ஐந்தாவது வாரத்தில் ஓர் இரவு அந்த ஒலி கேட்கவில்லை. மின்விசிறியின் இரைச்சலில் மறைந்திருக்கும் என்று எண்ணி விசிறியை நிறுத்திவிட்டு அருகில் போய்ப் படுத்தேன். அப்போதும் கேட்கவில்லை. அம்மா தூங்கிக்கொண்டிருந்ததால் விடியட்டும் என்று காத்திருந்தேன். காலையில் அவருக்கு மூச்சு வாங்கியது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் சென்ற மாதம் 2.9 இருந்தது, இப்போது 1.3 ஆக இறங்கியிருந்தது; அதாவது ரத்தம் சீக்கிரம் உறையத் தொடங்கியிருந்தது. வால்வில் ரத்தம் கட்டியிருப்பது எக்கோ ஸ்கேனில் தெரிந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றிக் காப்பாற்றினார்கள். மாத்திரையைத் தவறவிட்டீர்களா என்றுதான் முதலில் கேட்டார்கள். காசநோய் மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டிவிட்டு அசினோகூமராலை வேகமாக அழிக்கச் செய்யும் என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். பிறகு 2 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக 6 மில்லிகிராம்வரை ஏற்றித்தான் ஐஎன்ஆரைச் சரியான அளவில் நிலைநிறுத்த முடிந்தது. விடியும்வரை காத்திருந்த அந்தச் சில மணி நேரத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

கரிசல்மண்:

என் தம்பிக்கு இருமலே இல்லை, சளியும் இல்லை. அதனால் காசநோய் என்று யாரும் நினைக்கவில்லை. 24 வயதில், மூன்று வாரமாகத் தலையணையை மடியில் வைத்து அதன்மேல் குனிந்தபடியே தூங்கினான். கால் வீங்கியது, கழுத்து நரம்பு புடைத்து நின்றது. எக்ஸ்ரேயில் இதயத்தின் நிழல் பானைபோல அகன்றிருந்தது. இதய உறைக்குள் நீர் கோத்து இதயத்தை விரியவிடாமல் அழுத்துகிறது என்று சொல்லி, அன்றிரவே நெஞ்சில் ஊசி செலுத்தி ஒரு லிட்டருக்கும் மேல் எடுத்தார்கள். ரத்தம் கலந்த அந்த நீர் பாட்டிலில் ஏறிக்கொண்டிருந்தபோதே அவன் என்னைப் பார்த்து, "அண்ணா, நான் கொஞ்சம் படுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டான். அந்த நீரைப் பரிசோதித்ததில்தான் காசநோய் தெரிந்தது. ஆறு மாத மருந்தோடு அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். ஸ்டீராய்டு கொடுத்ததால்தான் அவன் பிழைத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நொய்யலாறு:

கரிசல்மண் அவர்களே, உங்கள் தம்பி நலமடைந்ததில் உண்மையாகவே மகிழ்கிறேன். ஆனால் அவரைக் காப்பாற்றியது அன்றிரவு செலுத்திய ஊசியும் ஆறு மாத மாத்திரையும்தான். ஸ்டீராய்டைப் பற்றி நீங்கள் எழுதிய கடைசி வரியை இப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. ஆப்பிரிக்க நாடுகளில் இதே நோயுள்ள 1,400 பேரைக் கொண்டு தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் பொங்கானி மயோசி தலைமையில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், மரணம், இதயம் அழுந்துதல், உறை இறுகுதல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. உறை இறுகிப்போவது மட்டும் குறைந்தது. எச்ஐவி உள்ளவர்களிடையே புற்றுநோய் கூடியது. எனவே யாருக்குக் கொடுப்பது என்பதை மருத்துவர் ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இங்கே படித்துவிட்டு யாரும் கேட்டு வாங்கக் கூடாது.

எனக்கும் இதே நோய்தான் வந்தது. ஸ்டீராய்டு கொடுக்கவில்லை. மருந்து முடிந்து எட்டு மாதத்தில் வயிறு வீங்கத் தொடங்கியது. கல்லீரல் கோளாறு என்று இரண்டு இடங்களில் அலைந்தேன். இறுதியில் உறை ஓடுபோல இறுகியிருந்ததைக் கண்டு, அறுவை சிகிச்சையில் உரித்தெடுத்தார்கள். ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் இது நேர்ந்திராதோ என்று நானும் நினைப்பதுண்டு. ஆயினும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மருந்தாளுநர்:

எங்கள் கடைக்கு வரும் ஒருவர், காசநோய் மாத்திரை தொடங்கிய பிறகு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போவதாகச் சொல்லி, அழுத்தத்தைக் குறைக்கும் நிஃபிடிபின் மாத்திரையைத் தாமாகவே இரட்டிப்பாக்கிக்கொண்டிருந்தார். அவரை உட்காரவைத்து இரண்டு சீட்டுகளையும் அருகருகே விரித்துப் பார்த்த நாளிலிருந்து, காசநோய்ச் சீட்டு கொண்டுவரும் எல்லோரிடமும் வேறு மாத்திரை உண்டா என்று கேட்கிறேன்.

யாரும் கேட்காவிட்டாலும் சிலவற்றை எழுதியாக வேண்டும். ரிஃபாம்பிசின் அசினோகூமராலையும் அதே வேலை செய்யும் வார்ஃபரினையும் மட்டும் பாதிப்பதில்லை. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் நிஃபிடிபின், வெரபாமில், மெட்டோபிரலால், டிகாக்சின், கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாட்டின் எல்லாவற்றின் வேலையையும் அது குறைக்கும்; மேலே பேசிய பிரெட்னிசலோனையும் விட்டுவைக்காது. ரத்தம் உறையாமலிருக்க இப்போது எழுதித்தரும் அபிக்சபான், ரிவரோக்சபான் ஆகியவற்றை இதனோடு சேர்ப்பதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். இதற்காக எவரும் காசநோய் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, அது பேராபத்து. மாற்ற வேண்டியது இதய மருந்தின் அளவைத்தான், அதையும் மருத்துவர்தான் மாற்ற வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குக் கொடுக்கும் பெடாக்குவிலின் இதயத் துடிப்பின் மின் ஓட்டத்தையே நீட்டிவிடக்கூடியது என்பதால், அதை எடுப்பவர்கள் ஈசிஜி எடுக்க வரச்சொன்ன நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

செங்காந்தள் அவர்களுக்குத் தனியாக ஒன்று. ரிஃபாம்பிசினை நிறுத்தியதும் கல்லீரல் சுமார் இரண்டு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அப்போது, உயர்த்திவைத்த அதே அளவில் அசினோகூமராலைத் தொடர்ந்தால் ஐஎன்ஆர் எகிறி, ரத்தக் கசிவு ஏற்படும். ஐஎன்ஆர் இறங்கும்போது எச்சரித்தவர்களே அது ஏறும்போது எச்சரிக்க மறந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். மருந்து முடிகிற வாரத்திலிருந்தே அடிக்கடி பரிசோதித்து, அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

செங்காந்தள்:

அம்மாவுக்குக் காசநோய் மாத்திரை முடிந்து இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. அட்டையில் முடிந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். அசினோகூமராலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நேற்று மாலையும் 6 மில்லிகிராம்தான் கொடுத்தேன். இன்று காலை பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்ததாகச் சொன்னார். தூரிகை புதிது என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் பதிவைப் படித்துவிட்டு இப்போதே அவரை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புகிறேன். இந்த முறை விடியும்வரை காத்திருக்கப் போவதில்லை.