அக்கா முதலில கேட்டது கதவு

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

போன ஆவணியில ஊருக்குப் போய் வந்தனான். சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் பூநகரிக் காத்து முகத்தில அடிச்ச உடனேயே இந்த மடலை எழுத வேணும் எண்டு நினைச்சன். வேலை, பிள்ளையளின்ர பள்ளிக்கூடம் எண்டு பிந்திப் போச்சுது. எங்கட ஊர்ச் சங்கத்தின்ர அடுத்த கூட்டத்துக்கு முன்னம் எல்லாரும் இதை வாசிச்சால் நல்லது.

நான் சொல்லப் போறது ஊரில இருக்கிற ஒரு அக்காவின்ர குடும்பத்தைப் பற்றி. குளத்தடி ஆச்சியின்ர மூத்த பேத்தி எண்டால் பழைய ஆக்களுக்கு விளங்கும். 1990 ஆனியில சண்டை திரும்பத் தொடங்கின பிறகு வள்ளத்தில இந்தியாவுக்குப் போன குடும்பம். மண்டபத்தில இறங்கி, பிறகு திருவண்ணாமலைப் பக்கத்து முகாம் ஒண்டில 24 வருசத்துக்கு மேல இருந்தவை. அக்கா கலியாணம் கட்டினதும் இரண்டு பெட்டையளைப் பெத்ததும் அங்கதான். பத்தடிக்குப் பத்தடி அறை. நடுவில பழைய சீலையைக் கட்டித் தொங்க விட்டால் அது இரண்டு அறை.

2015இல திரும்பி வந்தவை. வளவு முழுக்க உடை மரமும் நாயுண்ணிப் பத்தையும். இந்திய வீட்டுத் திட்டத்தில எங்கட பக்கத்திலயும் கன வீடுகள் எழும்பினது உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபா, கட்டங்கட்டமாக் குடுத்தது. அக்கா குடும்பம் வந்து சேர்ந்தபோது எங்கட பக்கத்துப் பட்டியல் முடிஞ்சுபோச்சுது. அத்தான் முகாமில இருக்கேக்கை பெயின்ற் வேலைக்குப் போனவர், மேசன் வேலையும் கை பழகினவர். கூலி வேலை செய்து, தோட்டை அடகு வைச்சு, சீமெந்துக் கல் அரிஞ்சு சுவரைக் கதவு உயரத்துக்குக் கொண்டு வந்திட்டார். மேல தறப்பாள். 2022இல சாமான் விலை ஏறின ஏற்றத்தில வேலை அப்படியே நிண்டு போச்சுது. மாரியில நிலம் சேறாகிப் பாயெல்லாம் நனையும் எண்டு அக்கா சொன்னவா.

அடுத்த வருசம் ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தில இருந்து ஒரு சிஸ்ரரும் வேலை தெரிஞ்ச தம்பி ஒருவரும் வந்திருக்கினம். தங்கட பேரை எங்கயும் போட வேண்டாம் எண்டு கேட்டவை, அதால நானும் போடேல்லை. சிஸ்ரர் முற்றத்தில கதிரை போட்டு இருந்து, "உங்களுக்கு முதலில என்ன வேணும்?" எண்டு கேட்டவாவாம். கூரை எண்டுதான் நானும் நினைச்சிருப்பன். அக்கா சொன்னது கதவு. உள்ளுக்குக் கொண்டி போடுற கதவு. மூத்தவளுக்கு அப்ப 15 வயது. பிறந்த நாளில இருந்து அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால நிண்டு உடுப்பு மாத்தினதே இல்லையாம். அக்கா இதைச் சொல்லேக்கை அத்தான் எழும்பி வெளியில போயிட்டார்.

கதவும் நிலையும் முதல் கிழமையே வந்ததாம். பிறகு கூரைக்கு மரமும் சீற்றும், பிறகு மலசலகூடம், கடைசியா நிலத்துக்குச் சீமெந்து. முழுக் காசையும் கையில குடுக்கேல்லை. ஒவ்வொரு வேலையும் முடிய வந்து பார்த்து, அடுத்ததுக்குச் சாமான் இறக்கினவை. குழி வெட்டினது, பூச்சுப் பூசினது, பெயின்ற் அடிச்சது எல்லாம் அத்தான். முன்சுவருக்கு அவர் அடிச்ச இளம் பச்சையைத் தெருவில போறவை நிண்டு பார்த்திட்டுப் போகினம்.

இப்பிடியான கிறிஸ்தவ நிறுவனங்கள் மதம் மாத்தத்தான் வருகினம் எண்டு போன மாதம் இங்க இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தீங்கள். அந்தப் பயத்தை நான் குறைவா நினைக்கேல்லை, அதனால அக்காவிட்டை நேரடியாக் கேட்டனான். ஒரு செபப் புத்தகம்கூடத் தரேல்லையாம். சாமித்தட்டில பிள்ளையார் இருந்த இடத்திலயே இருக்கிறார். அந்தத் தட்டை அடிச்சுக் குடுத்ததே அவையின்ர தச்சன்தான்.

எனக்குக் குத்தினது வேற விசயம். அக்கா வந்து இத்தனை வருசம், எங்கட சங்கத்தில இருந்து ஒருத்தரும் அந்தப் படலையைத் திறந்து போய் "என்ன வேணும்?" எண்டு கேட்கேல்லை. நானும் கேட்கேல்லை.

இனிச் செய்யக் கூடியது ஒண்டு இருக்கு. எங்கட நிலத்தடித் தண்ணி உவர் எண்டு சொல்லத் தேவையில்லை. குடிக்கிறதுக்குத் தண்ணி கொண்டு வாற பவுசர் லொறியைப் பார்த்து நிக்கினம். அக்காவின்ர கூரை கிட்டத்தட்ட 500 சதுர அடி. 25 மில்லிமீற்றர் மழை பெய்தாலே அதில இருந்து ஆயிரம் லீற்றருக்கு மேல ஓடி மண்ணில போகுது. கூரை விளிம்பில தண்ணி பிடிக்கிற பீலி பூட்டி, முதல் மழைத் தண்ணியை வெளியில விட ஒரு குழாயும் வைச்சு, தாங்கி ஒண்டு குடுத்தால் போதும். பீலியை அத்தானே பூட்டுவார். இவையைப் போல இந்தியாவில இருந்து வந்த இன்னும் நாலு குடும்பம் எங்கட வட்டாரத்தில இருக்கு. அதுகளுக்கும் பூட்டிக் குடுக்கிறன், கூலி வேண்டாம் எண்டு சொன்னவர்.

தலைவர் அண்ணை, ஊர் வாசல் வளைவு கட்டச் சேர்த்த காசில இருந்து இதுக்கு எடுக்கலாமோ எண்டு கூட்டத்தில முதல் விசயமா வையுங்கோ. வளைவு வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை, அடுத்த வருசம் கட்டுவம். அதுக்கு முன்னம் ஊரில இருக்கிற ஆராவது அந்த அஞ்சு வீட்டுக்கும் போய் இதுதான் வேணுமோ எண்டு கேட்க வேணும். வேற ஏதும் சொன்னால் அதைச் செய்வம். லண்டனில இருந்து மார்கழியில போற தம்பியவை மூத்தவளுக்கு உயர்தரக் கணக்குப் புத்தகங்கள் கொண்டு போனால் பெரிய உதவி. அவள் இன்னும் "மாமா, உள்ள வாங்க" எண்டு இந்தியத் தமிழில்தான் கூப்பிடுறாள்.

ஐப்பசியில மழை தொடங்கீடும். புரட்டாதிக்குள்ள பீலி ஏற வேணும்.

அன்புடன்,
ஸ்காபரோவில இருந்து,
மேற்குத் தெரு வாத்தியாரின்ர கடைசி மகன்