தமிழ்ப் புதல்வன் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது?

வணக்கம். சென்னிமலையிலிருந்து எழுதுகிறேன். என் அக்கா மகன் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவன். இப்போது ஈரோட்டில் ஐ.டி.ஐ. படிக்கிறான். 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவனுக்கும் வர வேண்டும். உடன் படிப்பவர்களுக்கு வந்துவிட்டது. இவனுக்கு நான்கு மாதமாக ஒன்றுமில்லை.

வங்கியில் கேட்டால், ‘ஆதார் சேர்ந்துதானே இருக்கிறது’ என்று அனுப்பிவிடுகிறார்கள். கணக்கில் ஆதாரைச் சேர்ப்பது வேறு, அரசுப் பணம் வந்து விழ ஒரே ஒரு கணக்கைக் குறித்துவைப்பது வேறு என்பது பிறகுதான் புரிந்தது. வீட்டில் தேடினால் அரிசி டப்பாவுக்குப் பின்னால் எண்ணெய்க் கறையோடு ஒரு பழைய பாஸ்புக். எட்டாம் வகுப்பில் உதவித்தொகைக்காகத் திறந்தது. கடைசி வரவு 2020. அதுதான் இன்னும் குறிக்கப்பட்டிருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன்.

அந்தக் கணக்குக்கு உயிர் கொடுத்தால் போதுமா, புதிய வங்கிக்கு மாற்றிவிடுவது நல்லதா? மாற்றியவர்களுக்கு விட்டுப்போன மாதங்களின் பணமும் சேர்ந்து வந்ததா? என்னென்ன தாள்கள் கேட்டார்கள்? அக்கா தறியை நிறுத்திவிட்டு, அன்றைய கூலியை இழந்துதான் வங்கிக்குப் போகிறார். ஒரே நடையில் முடிகிற வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.