சிங்க் ஆக்சைடு படலத்தில் பச்சை ஒளி: ஆக்சிஜன் காலியிடமா, துத்தநாகக் காலியிடமா?

உலைவாசல்:
சோல்-ஜெல் முறையில் (கரைசலைப் பூசிச் சுட்டு) எடுத்த சிங்க் (துத்தநாக) ஆக்சைடு மென்படலத்தை 400–500 டிகிரி செல்சியஸில் காற்றில் அனீல் செய்தால் (சுட்டு ஆறவிட்டால்), லேசர் பட்டு அது உமிழும் ஒளியில் 380 நானோமீட்டரை ஒட்டிய புறஊதா உச்சி நன்றாக ஏறுகிறது. 700 டிகிரியைத் தாண்டினால் 500–530 நானோமீட்டர் பக்கம் பச்சைப் பட்டை கிளம்பிவிடுகிறது. சூட்டில் ஆக்சிஜன் வெளியேறுகிறது, படிகத்தில் அது விட்டுப்போன காலியிடம் பச்சையாக ஒளிர்கிறது. 1996-இலேயே வான்ஹூஸ்டன் குழு பச்சை ஒளியை ஆக்சிஜன் காலியிடத்தோடு இணைத்துக் காட்டிவிட்டது. 500-இல் நிறுத்துங்கள் என்பதே என் கட்சி.

குவார்ட்ஸ்குழாய்:
வான்ஹூஸ்டன் குழு எடுத்தது படலம் அல்ல, பாஸ்பர் (ஒளிரும் பொருள்) தூள். பச்சை ஒளியும் ஆக்சிஜன் காலியிடமும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று காட்டினார்கள். அதுவே காரணத்துக்கு நிரூபணம் ஆகாது. நீங்கள் சொல்வது சரியென்றால் ஆக்சிஜன் ஓட்டத்தில் 800-இல் சுட்ட படலத்தில் பச்சை அடங்க வேண்டும். பல நேரம் அங்கேயும் ஏறத்தான் செய்கிறது. ஆக்சிஜன் மிகுந்த சூழலில் எளிதில் உருவாவது துத்தநாகக் காலியிடம். 2006-இல் வெளியான ஒற்றைப் படிக ஆய்வு ஒன்றில், ஆக்சிஜனில் சுட்டது 2.35 எலக்ட்ரான் வோல்ட்டிலும் (528 நானோமீட்டர்), துத்தநாகம் மிகுந்த சூழலில் சுட்டது 2.53-இலும் (490) ஒளிர்ந்தன. பச்சை என்ற ஒரே பெயரில் இரண்டு பட்டைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

உலைவாசல்:
படிகத்தை வைத்துப் படலத்தை அளக்காதீர்கள். 500-இல் படிகத்துகள் சில பத்து நானோமீட்டர்தான். மேற்பரப்பும் துகள் எல்லையும்தான் அங்கே ஆட்சி செய்கின்றன. கரைசலில் போட்ட அசிட்டேட், அமீன் ஆகியவற்றின் மிச்சக் கார்பன் எரியும்போது பக்கத்து ஆக்சிஜனையும் பிடுங்கிக்கொள்ளும்.

குவார்ட்ஸ்குழாய்:
கார்பன் மிச்சம் இருந்தால் அது முன்சூட்டில் (அனீலுக்கு முன் ஒவ்வொரு அடுக்கையும் சுடுவதில்) விட்ட கோட்டை. கரைசல் செய்முறை இது: சிங்க் அசிட்டேட் டைஹைட்ரேட் 0.5 மோலார், 2-மீதாக்ஸி எத்தனாலில். மோனோ எத்தனால் அமீன் 1:1 மோல் விகிதம். 60 டிகிரியில் 2 மணி நேரம் கலக்கி, ஒரு நாள் வைத்து, அடித்தளத்தில் ஊற்றி 3000 ஆர்.பி.எம்-இல் 30 விநாடி சுற்ற வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் 300 டிகிரியில் 10 நிமிடம் கட்டாயம். 150-இல் மட்டும் உலர்த்தி அடுக்கை ஏற்றிக்கொண்டே போய் நேராக 700-க்குத் தூக்கினால், உள்ளே மாட்டிய கரிமம் வாயுவாகி வெளியேறும். படலம் ஓட்டை விழும், விரிசல் விடும்.

அடித்தளத்தையும் பாருங்கள். சாதாரண சோடா-லைம் கண்ணாடி 500-க்கு மேல் வளையத் தொடங்கும், சோடியமும் படலத்துக்குள் ஏறும். சிலிக்கானில் 900-ஐ நெருங்கினால் துத்தநாக சிலிக்கேட் உருவாகும். ஒப்பீட்டுக்கு உருக்கிய குவார்ட்ஸோ சஃபையரோதான் சரி.

நிறமாலை:
இருவருமே அளவீட்டை விட்டுவிட்டீர்கள். புறஊதா/பச்சை விகிதம் தூண்டும் லேசரின் சக்தியைப் பொறுத்து மாறும்: சக்தி கூடினால் காலியிடம் போன்ற குறைபாடுகள் தரும் பச்சை ஒளி ஓர் அளவோடு நின்றுவிடும், புறஊதா ஏறிக்கொண்டே போகும். லேசரைக் குவிக்காமல் எடுத்த மாதிரியையும் குவித்து எடுத்ததையும் பக்கத்தில் வைத்தால் அனீலிங் பலன் என்று தோன்றுவது வெறும் குவிப்பின் பலனாக இருக்கும். 325 நானோமீட்டர் லேசரின் சிதறிய ஒளியைத் தடுக்க ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு முன் லாங்-பாஸ் வடிகட்டி (நீண்ட அலைநீளங்களை மட்டும் விடுவது) இல்லாவிட்டால், கிரேட்டிங்கின் (ஒளியை நிறம் பிரிக்கும் தகடு) இரண்டாம் வரிசையில், அதாவது இருமடங்கு அலைநீளமான 650-இல், கூர்மையான கோடு நிற்கும். அதைச் சிவப்பு ஒளிர்வு என்று எழுதிவிடாதீர்கள். படலத்தின் இரு பரப்பிலும் எதிரொளித்த ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலக்கும் குறுக்கீட்டு விளைவும் உண்டு. தடிமன் மாறினால் அகலமான பட்டையின் உச்சி இடம்பெயரும். 490-ஆ 528-ஆ என்று ஒரு படலத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

உலைவாசல்:
ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ஒரே படலத்தை இரண்டாக வெட்டி, 700-இல் ஒரு மணி நேரம், ஒன்று ஆக்சிஜனில், ஒன்று ஆர்கானில். 200-க்குக் கீழே இறங்கும்வரை வாயுவை மாற்றக்கூடாது. ஆர்கானில் பச்சை கூடினால் என் பக்கம்.

குவார்ட்ஸ்குழாய்:
ஆர்கான் சிலிண்டரிலும் கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கும், அது தெளிவான சோதனை ஆகாது. வெற்றிடமாக்கி மூடிய குவார்ட்ஸ் குழாயில் துத்தநாகத் தூளோடு மூன்றாவது துண்டையும் சுடுங்கள். ஆறும்போது தூள் இருக்கும் முனை முதலில் குளிர வேண்டும். படலம் முதலில் குளிர்ந்தால் உலோகம் அதன்மேல் சாம்பல் பூச்சாகப் படிந்து ஒளியை மறைத்துவிடும்.