மாகி-எ பேனாவில் கறுப்பு மங்குகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: ஆறு வருஷமா ஜன்னலோரத்துல வெச்சிருந்த ஜப்பான் மாகி-எ பேனா, அதாவது கறுப்பு அரக்குப் பூச்சு மேல பொன்துகள் தூவி கொக்கு வரைஞ்சது. வெயில் படுற பக்கம் மட்டும் பளபளப்பே இல்ல. மனசே ஆறல. பாலிஷ் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாங்க! அந்தக் கறுப்புப் பூச்சு உருஷி, ஒரு மரத்தோட பால்ல செய்யற அரக்கு. ஈரக்காத்துலதான் இறுகும், புற ஊதாக் கதிர் அதை அரிச்சிடும். முதல்ல பெட்டிக்குள்ள வைங்க. கொக்கோட இறகு விரலுக்கு மேடா தட்டுப்படுதா?

கேட்டவர்: ஆமா, லேசா.

பதில்: அப்போ அது தாகா மாகி-எ, அதாவது மேடான மாகி-எ-வா இருக்கலாம். மேடு கட்டி, மேல உருஷியால வரைஞ்சு, ஈரம் காயறதுக்குள்ள பொன்துகள் தூவுவாங்க. தேய்ச்சா முதல்ல போறது அந்த இறகு நுனிதான்.

இன்னொருவர்: பேனா உடம்பு எபோனைட், அதாவது கெட்டி ரப்பர்; அது வெளிறாம இருக்கத்தான் 1920-கள்ல நாமிகிங்கற ஜப்பான் கம்பெனி பேனாவுக்கு உருஷி பூச ஆரம்பிச்சாங்க. உருஷி தெரிஞ்ச கைவினைஞர்கிட்டயே குடுங்க. அதுவரைக்கும் மெத்துனு பருத்தித் துணி போதும்.