ஃபர்ரி புனைகதை: எந்த விருதை நம்பிப் படிக்கலாம்?

கேள்வி:
மனிதரைப் போலப் பேசிச் சிந்திக்கும் விலங்குகளைக் கதைமாந்தராகக் கொண்ட ஃபர்ரி புனைகதைகளை அண்மையில்தான் படிக்கத் தொடங்கியுள்ளேன். நல்ல நாவலைத் தேர்ந்தெடுக்க அர்சா மேஜர், கொயோட்டில் ஆகிய விருதுகளில் எதை நம்பலாம்?

மறுமொழி 1:
வாக்களிப்பவர் யார் என்று முதலில் பாருங்கள், நண்பரே. 2001ஆம் ஆண்டின் படைப்புகளிலிருந்து வழங்கப்பட்டுவரும் அர்சா மேஜர், வாசகர் எவரும் வாக்களிக்கக்கூடியது. திரைப்படம், படக்கதை, விளையாட்டு என அதன் பரப்பும் பெரிது. 2016ஆம் ஆண்டுக்கான திரைப்பட விருதை 'ஸூட்டோப்பியா' பெற்றது. கொயோட்டில் விருதோ, 2010இல் தொடங்கப்பட்ட ஃபர்ரி எழுத்தாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் சக எழுத்தாளருக்கு அளிப்பதாக உருவானது.

மறுமொழி 2:
இன்னொன்றையும் சேர்க்கிறேன். அர்சா மேஜரில் 40,000 சொற்களுக்குக் குறைந்த கதைகள் யாவும் ஒரே பிரிவில் அடங்குவதால், முப்பதாயிரம் சொற்களில் நிதானமாக விரியும் குறுநாவல், பத்துப் பக்கச் சிறுகதையோடு மோத நேர்கிறது. இது இரண்டுக்குமே நியாயமன்று என்பது என் உறுதியான கருத்து. கொயோட்டில் விருது குறுநாவலுக்குத் தனிப் பிரிவு வைத்தது எனக்கு மிகவும் பிடித்த செயல். சிறு பதிப்பகங்களை நம்பியே எழுதும் ஃபர்ரி எழுத்தாளர்களுக்கு அந்த அங்கீகாரம் பெரிது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கொயோட்டிலின் குறுநாவல் பட்டியலிலிருந்தே தொடங்குகிறேன்.