தொட்டியில் கோரையும் சம்பும்

மேடவாக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் சிமென்ட் தொட்டிகளில் சதுப்புநிலப் புல் வளர்க்கிறேன். ஒன்றில் பாய்க்கோரை, இன்னொன்றில் உருளையான பழுப்புக் கதிர் விடும் சம்பு. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பக்கத்திலேயே இருந்தும் அங்கிருந்து ஒரு வேர்கூட எடுக்கவில்லை. அது காப்புக்காடு, 2022 முதல் ராம்சார் தலமும்கூட, அதாவது உலக அளவில் முக்கியம் என்று பட்டியலிட்ட ஈரநிலம். செங்கல்பட்டுப் பக்கம் வயல் வாய்க்கால் தூர்வாரியபோது வெட்டிப் போட்ட கிழங்குகளைக் கேட்டு வாங்கி வந்தேன்.

அடித்துளையை அடைத்து, களிமண் நிரப்பி, கிழங்கை மேலாகப் புதைத்தால் போதும். உரம் வேண்டாம். நல்ல வெயில் மட்டும் வேண்டும், நிழலில் தண்டு சாய்ந்துவிடும். கோரைக்குச் சேறு காயாமல் இருந்தால் சரி. சம்புத் தொட்டியில் எப்போதும் ஒரு சாண் தண்ணீர் நிற்கிறது.

உடனே எல்லோரும் கேட்பது கொசுவைத்தான். ஊர்க்குளத்துச் சின்ன மீன்கள் சிலவற்றை விட்டிருக்கிறேன். கொசுப்புழுவை ஒழிக்க விடும் கம்பூசியா மட்டும் வேண்டவே வேண்டாம். அது அமெரிக்க மீன். மழையில் தொட்டி வழிந்து ஏரிக்குப் போய்விட்டால் நம் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்க்கும்.

அப்புறம் தட்டான் தானாகவே வந்தது. அதன் குஞ்சுகள் தண்ணீருக்குள்ளேயே வளர்ந்து கொசுப்புழுவைத் தின்னும். ஐப்பசியில் ஒருநாள் விடியுமுன் டார்ச்சோடு போனேன். சம்பு இலையைக் கவ்விக்கொண்டு பழுப்பு நிறத்தில் ஒன்று தண்ணீரை விட்டு மேலே ஏறியிருந்தது. முதுகு வெடித்து, தலையும் கால்களும் வெளியே வந்தன. பாதி உடம்போடு பின்பக்கமாகச் சாய்ந்து அசையாமல் தொங்கியது. கால் உறுதிப்பட்டதும் ஒரே எம்பில் நிமிர்ந்து, பழைய தோல்கூட்டைப் பிடித்துக்கொண்டு வாலை உருவியது. கசங்கிக் கிடந்த இறக்கை மெல்ல விரிந்து, வெயில் வந்ததும் பறந்துவிட்டது. காலிக்கூட்டின் முதுகில் வெள்ளை நூல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அதன் பழைய மூச்சுக்குழாய்களின் உட்தோல் அது. இப்படி ஏறிவர நிமிர்ந்த தண்டு வேண்டும். அல்லித் தொட்டியைவிடப் புல் தொட்டியை நான் உயர்த்திப் பேசுவது இதனால்தான்.

சம்பைத் தரையில் நடாதீர்கள். நம் மண்ணின் செடிதான், ஆனாலும் கிழங்கு ஓடி ஓடிக் குட்டையையே மூடிவிடும். விதை பஞ்சோடு காற்றில் பறக்கும், அதனால் கதிர் பழுத்து வெடிக்குமுன் நறுக்கிவிடுகிறேன்.

கோரைக் கன்று பிரித்து வைத்திருக்கிறேன். தென்சென்னைப் பக்கம் இருப்பவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். ஏரிக்கரையோரம் வீடு இருப்பவர்களுக்குச் சம்பு மட்டும் தரமாட்டேன், வருத்தப்படாதீர்கள்.